போர் முடிந்தபின் போர்வீரன்

போருக்குச் செல்லும் வீரனை நாடு மாலையிட்டு வழியனுப்புகின்றது. போர் முடிந்து திரும்பும் வீரனை அதே நாடு எவ்வாறு நடத்துகின்றது என்பது வேறு கதை. துப்பாக்கி பிடிக்கப் பழகிய கைக்கு உளி பிடிக்கத் தெரியாமற் போகலாம்; தொழில் கற்கவேண்டிய இளமையைப் போர்க்களம் விழுங்கியிருக்கலாம். அவனுக்கு நாடு அளிக்கவேண்டியது பதக்கமா, பணமுடிப்பா, தொழிலா? இவ்வினாவுக்கு விடை காண ஐக்கிய அமெரிக்கா இரண்டு உலகப் போர்களைக் கடக்க வேண்டியிருந்தது.

முதலாவது உலகப் போர் 1918 இல் முடிவுற்றது. காயமுற்ற வீரருக்குத் தொழிற்பயிற்சி அளிக்க அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், காயமின்றித் திரும்பியவனுக்குக் கிடைத்தவை 60 டொலரும் ஊர் திரும்பப் புகைவண்டிச் சீட்டுமே. 1924 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், உள்நாட்டிற் சேவை புரிந்த நாளொன்றுக்கு 1 டொலரும், கடல் கடந்து சேவை புரிந்த நாளொன்றுக்கு 1 டொலர் 25 சதமும் தருவதாக உறுதி கூறியது. எனினும், பெரும்பாலோர் அப்பணத்தைப் பெற 1945 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும் என்பது விதி.

வயிறு அத்தனை காலம் காத்திருக்குமா? 1929 இல் தொடங்கிய பொருளாதார மந்தம் ஆலைகளை மூடிற்று. வேலையற்றோர் தெருவுக்கு வந்தனர். 1932 இல் ஆயிரக்கணக்கான முன்னாட் போர்வீரர் மனைவி மக்களுடன் தலைநகராகிய வாஷிங்டனுக்குத் திரண்டு சென்று, அனகொஸ்தியா ஆற்றங்கரையிற் குடிசையிட்டுத் தங்கினர். வாக்களித்த பணத்தை உடனே தரும்படி அவர்கள் கேட்டனர். பிரதிநிதிகள் சபை இணங்கியது; யூன் 17 ஆம் நாள் செனற் சபை மறுத்தது. யூலை 28 ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு முன்னாட் போர்வீரர் இருவர் இலக்காகி உயிரிழந்தனர். அன்று மாலை, தளபதி மக்கார்தரின் தலைமையிற் குதிரைப்படையும் கவச வண்டிகளும் கண்ணீர்ப்புகையும் அவர்களை விரட்டின. குடிசைகள் தீக்கிரையாயின. தான் அனுப்பிய வீரரையே நாடு பகைவரைப்போல் விரட்டிய அக்காட்சி மக்கள் மனத்திலே ஆழப் பதிந்துவிட்டது.

இரண்டாவது உலகப் போரில் ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் அமெரிக்கர் படையிற் சேவை புரிந்தனர். இவர்கள் ஒருங்கே திரும்பினால் மீண்டும் அனகொஸ்தியாதானோ என்ற அச்சம் எழுந்தது. அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாட் போர்வீரர் சங்கத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹரி கொல்மரி, வாஷிங்டனில் உள்ள விடுதியொன்றிலே தங்கி, அவ்விடுதியின் கடிதத்தாளிலேயே ஒரு சட்டத்தின் நகலை எழுதினார். 1944 யூன் 22 ஆம் நாள், நேசப்படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கிப் பதினாறு நாட்கள் கழிந்தபின், ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அச்சட்டத்திற் கைச்சாத்திட்டார்.

சட்டம் கூறியது இதுவே. கற்க விரும்புவோனுக்கு ஆண்டுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணம்; வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 50 டொலர், குடும்பத்தானுக்கு 75 டொலர். வேலை தேடுவோனுக்கு வாரம் 20 டொலர், 52 வாரங்கள் வரை. வீடோ பண்ணையோ தொழிலோ தொடங்குவோனின் கடனுக்கு அரசின் உத்தரவாதம்.

இத்திட்டத்தை ஐயுற்றோரும் உளர். வேலையற்றோரின் தங்குமடங்களாகச் சர்வகலாசாலைகள் மாறிவிடும் எனச் சிக்காகோ சர்வகலாசாலைத் தலைவர் ரொபேட் ஹச்சின்ஸ் அஞ்சினார். நடந்ததோ வேறு. 1947 இல் கல்லூரிகளிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 49 பேர் முன்னாட் போர்வீரர். 1956 வரை 78 இலட்சம் பேர் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களுட் கல்லூரிக்குச் சென்றோர் 22 இலட்சம் பேர். பிற பாடசாலைகளிற் பயின்றோர் 35 இலட்சம். வேலைத்தலத்திலேயே தொழில் பழகியோர் 14 இலட்சம். பண்ணைப் பயிற்சி பெற்றோர் 7 இலட்சம். சோம்பலை வளர்க்கும் எனப் பலர் பழித்த வேலையின்மை உதவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்திலொரு பங்குகூடச் செலவாகவில்லை. வழி திறந்திருந்தால் மனிதன் பிச்சையை நாடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், அவ்வழி எல்லோருக்கும் ஒருபடித்தாய்த் திறந்திருக்கவில்லை. சட்டத்தின் வாசகம் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்துக் கூறவில்லை. ஆனால், மசோதாவை ஆராய்ந்த பிரதிநிதிகள் சபைக் குழுவின் தலைவர் மிசிசிப்பி மாநிலத்து ஜோன் றாங்கின். நிறவேற்றுமையை வெளிப்படையாக ஆதரித்தவர். உதவிகளை வழங்கும் அதிகாரம் உள்ளூரார் கையில் இருக்கவேண்டும் என அவர் வற்புறுத்தினார். அது பெரும்பாலும் நிறைவேறிற்று. விளைவு யாது? 1946 ஒக்டோபர் வரையில் மிசிசிப்பியில் வேலைவாய்ப்புக் காரியாலயங்கள் பெற்றுக்கொடுத்த தொழில்களுள், தேர்ச்சி வேண்டிய வேலைகளில் நூற்றுக்கு 86 வெள்ளையருக்கும், தேர்ச்சி வேண்டாத கூலி வேலைகளில் நூற்றுக்கு 92 கறுப்பருக்கும் சென்றன. 1947 இல் அம்மாநில நகரங்களில் உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களுள் இரண்டே இரண்டு கறுப்பின வீரருக்குக் கிடைத்தன. படையிலே வாகனம் ஓட்டவும் இயந்திரம் திருத்தவும் கற்றவன், ஊருக்கு வந்ததும் மூட்டை சுமக்க அனுப்பப்பட்டான்.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரு நாடு தன் வீரரைக் கவச வண்டியால் விரட்டியது. பின்னர் பாடசாலைக்கு அனுப்பியது. அறிவிலே நிகழ்ந்த அம்மாற்றம் பெரிது. ஆனால் நல்ல சட்டத்தை எழுதுவது பாதி வேலையே. தொழில் தேடி வருவோன் நிற்பது தலைநகரின் மண்டபத்திலன்று. தன் ஊர்க் காரியாலயத்தின் மேசை முன்னிலையில். அங்கிருப்பவன் நீட்டும் தாளிலேதான் அவனுடைய எதிர்காலம் எழுதப்படுகின்றது. அந்தக் கை நடுநிலை தவறினால், நாடு கொடுத்த வாக்கும் தவறிவிடுகின்றது.