லுண்டே, கத்ரீனே
லுண்டே, கத்ரீனே (பி. 30 மார்ச் 1980): நார்வே ஹேண்ட்பால் அணியின் கோல்காவலராக இருந்தவர். மலேசியப் பள்ளிகளில் போலா பாலிங் என்று ஆடுகிறார்களே, அந்த ஆட்டம்தான் ஹேண்ட்பால். பிறந்த ஊர் கிறிஸ்டியன்சாண்ட். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரட்டைச் சகோதரி கிறிஸ்டினேயுடன் சேர்ந்து தங்கம் வென்றார். 2012, 2024 ஆண்டுகளிலும் தங்கம், இடையில் 2 வெண்கலம். டென்மார்க்கின் வீபோர், ஹங்கேரியின் கியோர், சொந்த ஊரின் வைப்பர்ஸ் ஆகிய கழகங்களுக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை 7 முறை கைப்பற்றினார். இவ்வளவு நீண்ட உச்சம் இந்த ஆட்டத்தில் மிக அரிது. ஏனென்றால் கோல்காவலர் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரக் கோலின் முன்னே, 7 மீட்டரிலிருந்து பறந்துவரும் தண்ட எறிக்குக் கையையும் காலையும் ஒருசேர விரித்துப் பாய வேண்டும். உடம்பு படாதபாடு படும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் பிரான்ஸை 29–21 என நார்வே வீழ்த்தியபோது அவருக்கு வயது 44.