32 என்ற எண்ணின் கதை

சி மொழி படிக்கும் மாணவர்கள் ஆரம்பத்தில் எழுதும் புரோகிராம்களில் ஒன்று, ஆங்கிலச் சிறிய எழுத்துக்களைப் பெரிய எழுத்துக்களாக மாற்றுவது. எழுத்துக்குரிய எண்ணிலிருந்து 32-ஐக் கழித்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த 32 எங்கிருந்து வந்தது?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று அமெரிக்காவில் ஒரு குழு கூடி முடிவு செய்து, 1963-ல் வெளியிட்ட பட்டியல்தான் ஆஸ்கி. அதில் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. அன்றைய டெலிடைப் இயந்திரங்கள் பலவும் பெரிய எழுத்தை மட்டும்தான் அடிக்கும். சிறிய எழுத்துக்களும் சேர்ந்த பட்டியல் 1967-ல் வந்தது. அதில் பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97. 'இசட்' வரை இதே 32 வித்தியாசம்தான். இது தற்செயலாக அமைந்ததல்ல. இரும எண்ணில் 65 என்பது 1000001, 97 என்பது 1100001. ஒரே ஒரு பிட்டை மாற்றினால் போதும் என்று திட்டமிட்டே இப்படி வைத்தார்கள்.

ஆனால் ஐபிஎம் நிறுவனம் 1964-ல் அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளில் எப்சிடிக் என்ற வேறு பட்டியல் இருந்தது. அதில் பெரிய 'ஏ' 193, சிறிய 'ஏ' 129. வித்தியாசம் 64. போதாததற்கு 'ஐ'க்கும் 'ஜே'க்கும் நடுவில் ஏழு எண்கள் இடைவெளி வேறு! அங்கே சிறிய 'ஏ'யிலிருந்து 32-ஐக் கழித்தால் கிடைப்பது ஒரு சாய்கோடு.

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து 1978-ல் எழுதிய புத்தகத்தில் எழுத்தை மாற்றும் சின்ன ஃபங்ஷன் ஒன்று உண்டு. அது ஆஸ்கியில் சரியாக ஓடும், எப்சிடிக்கில் தவறிவிடும் என்று அவர்களே அதில் எச்சரித்திருக்கிறார்கள். இந்தத் தொல்லைக்குத் தீர்வுதான் 'டூஅப்பர்', 'டூலோயர்' என்ற ஃபங்ஷன்கள். அந்தந்தக் கணினியின் பட்டியலுக்கு ஏற்றபடி எழுத்தை மாற்றுவது அவற்றின் பொறுப்பு. 1989-ல் வந்த சி மொழித் தரத்திலும் அவை இடம்பெற்றன.

ஆங்கிலத்தைத் தாண்டினால் அவையும் திணறும். துருக்கி மொழியில் 1928 முதல் வழங்கும் லத்தீன் எழுத்தில், புள்ளி வைத்த 'ஐ'யும் புள்ளி இல்லாத 'ஐ'யும் தனித்தனி எழுத்துக்கள். புள்ளி வைத்த சிறிய எழுத்தை ஆங்கில விதிப்படி பெரிதாக்கினால் புள்ளி போய்விடும். அது வேறு எழுத்தாகி, சொல்லே மாறிவிடும்.

ஆக, 32 என்பது ஒரு மொழியை மனதில் வைத்து ஒரு குழு எடுத்த முடிவு. பயிற்சிக்கு அதைக் கழித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்தப் போகும் புரோகிராம் என்றால், எந்த மொழி, எந்தப் பட்டியல் என்று முதலில் பார்த்துவிடுவதே நல்லது.