நாரைத் தலை போட்ட செயின் வீல்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு பலகையைக் கொண்டுவந்திருந்தான். அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள். மேலே ஏறி நின்று ஒரு காலால் உந்தினால் ஓடுகிறது. ஸ்கேட்போர்டாம். ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டி, "தாத்தா, இதுக்குள்ள பால் பேரிங் இருக்கு, தெரியுமா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வண்டிய நான் 1965லயே ஓட்டிட்டேன்டா" என்றேன். அவன் நம்பவில்லை.

சங்கராபுரத்தில் என் வயதுக்காரர்கள் நம்புவார்கள். பேரிங் வண்டியை யார் மறப்பார்கள்? ஒரு பலகை, பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று, திருப்புவதற்கு ஒரு குறுக்குக்கட்டை, அதில் கட்டிய கயிறு. ஒருவன் உட்கார, இன்னொருவன் முதுகைப் பிடித்துத் தள்ளுவான். தார் ரோட்டில் அது போடும் சத்தத்துக்குத் தெருவே திட்டும்.

பேரிங் கிடைப்பதுதான் கஷ்டம். லாரி பட்டறையில் கழித்துப் போட்டதைக் கெஞ்சி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வாரச் சந்தை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய கடுக்காய், புளி, தேன், சாமை எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். ஓரமாகச் சாக்கு விரித்துப் பழைய இரும்பைக் கொட்டி வைத்திருப்பார் ஒருவர். அந்தக் குவியலைக் கிளறி, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் விளிம்பில் எழுத்து தெரியும். எஸ்.கே.எஃப். என்றால் ஸ்வீடன் கம்பெனி. என்.பி.சி. என்றால் நம் ஜெய்ப்பூர். எஸ்.கே.எஃப். வண்டி வைத்திருப்பவன் தெருவுக்கே ராஜா.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பையன்களும் 1950களின் கடைசியில் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். காலில் மாட்டும் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றிப் பலகையில் அடித்து ஓட்டியிருக்கிறார்கள். 1970களில் யூரித்தேன் சக்கரம் வந்த பிறகுதான் சத்தமும் குலுக்கலும் குறைந்தன. அங்கே பலகை செய்யக் கம்பெனிகள் முளைத்தன, பல மறைந்தும் போயின. அந்தப் பெயர்களைச் சொல்லி ஏங்குகிற கிழவர்கள் இப்போது அங்கேயும் இருக்கிறார்களாம்.

நமக்குப் பலகைக் கம்பெனி ஏது? நமக்கு வாய்த்தது சைக்கிள்.

மணிக்குப் பத்துக் காசு கொடுத்து வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முட்டியைப் பேர்த்துக்கொண்டவர்கள் நாம். எந்த வீட்டில் எந்த சைக்கிள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஹெர்குலிஸ் நம்ம ஊர்ச் சரக்கு. 1949ல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்தது. அட்லஸ் 1951ல் சோனிபட்டில் தொடங்கியது. ஹீரோ 1956ல் லூதியானாவில். பம்பாயில் ஹிந்த். வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே கம்பெனி செய்த வண்டியைத்தான் நாம் "ராலி" என்று சொன்னோம்.

எங்கள் வீட்டில் ராலி. அப்பா மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வாத்தியார். தினமும் போக வர அந்த வண்டிதான். முன்பக்க முத்திரையில் நாரைத் தலை. செயின் வீலிலும் நாரைத் தலை வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைப்பார். எங்களைத் தொட விடமாட்டார்.

1980ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு ஹிந்த், சென்-ராலே இரண்டையும் நாட்டுடைமை ஆக்கியது. நலிந்த கம்பெனிகளைக் காப்பாற்றத்தான். ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் ராலி சாமான் வருவது நின்றே போனது. அதே சமயத்தில் அப்பாவின் செயின் வீலில் பல் தேய்ந்துவிட்டது. மேட்டில் மிதித்தால் செயின் நழுவும். வேறு கம்பெனி வீல் போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. அப்போது எனக்கு மெட்ராஸில் வேலை. "மூர் மார்க்கெட்ல கெடைக்காத சாமானே கெடையாதுன்றாங்களே, பாரேன்டா" என்றார்.

மூர் மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பார்க்காதவர்களுக்காக நாலு வரி. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிச் செங்கல் சிவப்பில் நின்ற கட்டடம். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898ல் அடிக்கல் நாட்டினார், 1900ல் திறந்தார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், திருப்புளி, கிளி, நாய்க்குட்டி எல்லாம் உண்டு. நம் சந்தையில் அந்த ஒற்றைச் சாக்கு இருந்ததே, அது ஆயிரம் மடங்கு பெருத்தால் எப்படியோ அப்படி. ஒரே ஒரு விதி: அவர் சொல்லும் விலைக்கு வாங்கினால் ஏமாந்தோம்.

1985 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாலை, பழைய இரும்புக் குவியலில் அதைப் பார்த்தேன். நாரைத் தலை போட்ட செயின் வீல், பல் தேயாதது. ஐம்பது ரூபாய் என்றார் கடைக்காரர். நான் இருபதில் தொடங்கி முப்பதுக்கு வந்தேன். அவர் நாற்பதில் நின்றார். இடையில் பத்து ரூபாய். அவர் கூப்பிடுவார் என்று நடந்தேன். கூப்பிடவில்லை. திரும்பிப் போக ரோஷம். அடுத்த மாசம் சம்பளம் வாங்கி வந்து எடுத்துக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறது மூர் மார்க்கெட் என்று பஸ் ஏறிவிட்டேன். அடுத்த மாசம் சம்பளம் வந்தது. ஏதோ செலவு, போகவில்லை.

மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது.

மறுநாள் போய் நின்றேன். கருகிய காகித வாடை. தன் கடை இருந்த இடத்தைப் பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தார்கள் பலர். அந்த இரும்புக் கடைக்காரரைத் தேடினேன், காணவில்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். செயின் வீல் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்க கட வச்சிருந்தவங்கள்லாம் இப்ப என்னடா பண்ணுவாங்க?" என்றுதான் கேட்டார். மறு வாரம் கடைக்குப் போய் ஹெர்குலிஸ் வீல் மாட்டிக்கொண்டு வந்தார். அதிலேயே கடைசிவரை மிதித்தார்.

வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். எரிந்த இடம் ரயில்வேக்குப் போனது. புறநகர் ரயில் புறப்படும் அந்த நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர் மட்டும் நிற்கிறது. சென்-ராலே கதை முடிந்து எத்தனையோ வருஷம். அட்லஸின் கடைசித் தொழிற்சாலை சாஹிபாபாத்தில் 2020 ஜூன் 3ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்!

கம்பெனி எரிந்தாலும் மூடினாலும் நான் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அந்தப் பத்து ரூபாய் என் கையில் இருந்தது. இதை அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

வண்டி இன்னும் தோட்டத்துத் தாழ்வாரத்தில் நிற்கிறது. முத்திரையில் நாரை இருக்கிறது, வீலில் இல்லை. நேற்றுப் பேரன், "இதுலயும் பால்ஸ் இருக்கா தாத்தா?" என்று கேட்டான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வரச் சொன்னேன். அவனைத் தொட விட்டேன்.