தொண்டமானின் அணிமாற்றங்களும் பிரஜாவுரிமையும்

மாத்தளை மாவட்டத்தின் உக்குவளை போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் வாக்குரிமை இழந்தனர். 1947இல் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் 1952இல் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமானின் அணிமாற்றங்களை ஆராய்பவர் இவ்விடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசின் காலத்தில் நியமன உறுப்பினர், 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஆதரவாளர், 1972இல் தமிழர் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவர், 1978இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சர், 1994இல் சந்திரிகா குமாரதுங்காவின் அமைச்சர். இத்தொடரைக் கண்டு சந்தர்ப்பவாதம் என முடிவு செய்தல் எளிது. ஆயின் 1964 டிசம்பரில் அரசைக் கவிழ்த்த சி. பி. டி சில்வா தம் கட்சியையே துறந்து சென்றார். தொண்டமானோ இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைத் துறந்தாரல்லர், அதனையே உடன் அழைத்துச் சென்றார்.

இவற்றுள் மிகக் கடினமானது 1976க்கும் 1978க்கும் இடைப்பட்ட மாற்றமாகும். வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது காங்கிரஸ் அதனின்று விலகி நின்றது. வடக்குக் கிழக்கில் அமையும் நாட்டினுள் ஹட்டனும் இல்லை, உக்குவளையும் இல்லை. அங்குள்ள தொழிலாளரின் கதி கொழும்பிலேயே தீர்மானிக்கப்படும். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவான அவர், மறு ஆண்டே அமைச்சரவையிற் சேர்ந்தார். அதற்கு விலையும் இருந்தது. 1983 யூலையில் தமிழர் கொல்லப்பட்ட நாட்களிலும் அவர் அவ்வரசின் அமைச்சராகவே இருந்தார்; அவரைப் போற்றுவோர் இதனை விரைந்து கடந்து விடுவதுண்டு.

எனினும் அமைச்சராயிருந்தே தம் அரசுக்கெதிராகத் தொழிலாளரைத் திரட்டியமை அபூர்வமானது. 1984இன் வேலைநிறுத்தம் பெண் தொழிலாளருக்கு ஆண்களுக்குச் சமமான கூலியை ஈட்டியது. 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கத்தின் பின்னர், அவ்வாண்டின் சட்டம், இந்தியா ஏற்காது விட்ட 94,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழிசெய்தது.

ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தானது. அதனை எதிர்த்த தொண்டமான், சரியாக 35 ஆண்டுகளின் பின் அதே நாளிற் காலமானார். எஞ்சிய நாடற்றோருக்கான சட்டம் 2003இல் நிறைவேறிற்று.