கோப்பிச்சாலையிற் பிறந்த கழகம்

ஒரே தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது வரலாற்றிற் புதுமையன்று. மத்தியகால ஐரோப்பிய நகரங்களிற் கைவினைஞர் சங்கங்கள் பல இருந்தன. அவை தொழில் நுணுக்கங்களைத் தம்முள் மறைத்துக் காத்தன. வெளியார் அத்தொழிலிற் புகுவதைத் தடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் தோன்றிய குடிசார் பொறியியலாளர் நிறுவகமோ இதற்கு மாறான வழியைக் கைக்கொண்டது. தான் அறிந்ததைப் பிறர்முன் வைப்பவனே அங்கத்தவனாகத் தக்கவன் என்பது அதன் தொடக்ககாலக் கொள்கை. அக்கொள்கை எவ்வாறு உருவாயிற்று, எவரை ஈர்த்தது, எவரைப் புறத்தே நிறுத்தியது என்பன நோக்கற்பாலன.

கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தின் நிலத்தோற்றத்தையே மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. கால்வாய்கள் வெட்டப்பட்டன, பாலங்களும் துறைமுகங்களும் எழுந்தன. ஆயினும் இவற்றை அமைப்போருக்குக் கல்வி புகட்டும் பீடம் எதுவும் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கவில்லை. தொழில் கற்க விரும்பிய இளைஞன் மூத்த பொறியியலாளர் ஒருவருக்குப் பணம் செலுத்தி, அவரிடம் மாணாக்கனாக அமர்ந்து, கண்டும் கேட்டும் பயின்றான். ஆசானின் வரைபடங்களும் கணக்குகளும் அவரது மூலதனமாகவே கருதப்பட்டன. 1771 இல் யோன் சிமீற்றனும் அவர்தம் நண்பரும் ஒரு சங்கத்தை அமைத்தது உண்மையே. ஆனால் அது புகழ்பெற்ற மூத்தோர் கூடி விருந்துண்டு அளவளாவும் சிறு வட்டமாகவே இருந்தது. தொழிலின் வாயிலில் நின்ற இளைஞருக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அவ்விளைஞர்களே தமக்கென ஒரு கழகத்தை அமைக்க முற்பட்டனர். 1818 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள், இலண்டன் பிளீட் வீதியிலிருந்த கெண்டல் கோப்பிச்சாலையில் ஒரு சிலர் கூடினர். அவர்களுள் என்றி உறொபின்சன் பாமர் இருபதுகளின் தொடக்கத்திலிருந்தவர். யோசுவா ஃபீல்ட் இயந்திர உற்பத்தித் துறையைச் சார்ந்தவர். பொறியியலாளன், இயற்கையை ஆராயும் அறிஞனுக்கும் கைத்தொழிலாளிக்கும் இடையே நிற்பவன். ஆதலால் இருவர் அறிவும் அவனுக்கு வேண்டும் என்பது பாமர் அன்று எடுத்துரைத்த கருத்தாகும். கற்பிக்க எவரும் இல்லாதவிடத்து ஒருவருக்கொருவர் கற்பிப்பதே வழி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நோக்கம் உயர்ந்ததாயினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. முதலிரு ஆண்டுகளில் மிகச் சிலரே சேர்ந்தனர். பெயரறியா இளைஞரின் கூட்டத்திற் சேர்வதால் என்ன பயன் என்று பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

1820 இல் அவர்கள் எடுத்த முடிவு கழகத்தின் தலைவிதியை மாற்றியது. அக்காலப் பொறியியலாளருள் முதன்மையானவரான தோமசு தெல்போட்டைத் தலைமையேற்குமாறு வேண்டினர். தெல்போட் 1757 இல் இசுக்கொத்துலாந்தில் இடையர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, கற்கொத்தராகத் தொழில் தொடங்கித் தம் முயற்சியாலேயே உயர்ந்தவர். அவர் அழைப்பை ஏற்றார். 1834 இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். அவர் பெயர் மூத்தோரையும் கழகத்தின்பால் ஈர்த்தது. எனினும் அவர் தம் பெயரை மட்டும் நல்கிவிட்டு ஒதுங்கியிருக்கவில்லை. கூட்டங்களுக்கு ஒழுங்காகச் சமுகமளித்தார். நூல்களையும் வரைபடங்களையும் வழங்கி நூல்நிலையத்துக்கு அடித்தளமிட்டார். அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரையையோ வரைபடத்தையோ கழகத்துக்கு அளித்தல் வேண்டும் என்ற வழக்கத்தை வற்புறுத்தினார். இறக்கும்போது 2,000 பவுணைக் கழகத்துக்கு எழுதிவைத்தார். சிறந்த கட்டுரைகளுக்கு அந்நிதியிலிருந்து பரிசுகள் வழங்கப்படலாயின.

1828 இல் கிடைத்த அரச பட்டயம் கழகத்துக்குச் சட்டத்தகைமையை அளித்தது. இயற்கையின் பெருஞ்சக்திகளை மனிதனின் பயனுக்கும் வசதிக்கும் ஏற்ப நெறிப்படுத்தும் கலையே குடிசார் பொறியியல் என, தோமசு திரெட்கோல்ட் வகுத்த வரைவிலக்கணம் அதில் இடம்பெற்றது. கூட்டங்களிற் கட்டுரைகள் படிக்கப்பட்டன. அவற்றின்மீது எழுந்த வாதப்பிரதிவாதங்களும் பதிவு செய்யப்பட்டு அச்சேறின. தொலைவிலே பாலம் அமைத்துக்கொண்டிருந்த ஒருவர், இலண்டனுக்கு வராமலே தம் துறையில் நிகழ்வனவற்றை அறிய இவ்வெளியீடுகள் வகைசெய்தன.

இப்பகிர்வு வெற்றிகளோடு நின்றுவிடவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. 1847 மே மாதத்தில், செசுற்றர் நகருக்கருகே டீ நதியின் குறுக்கே உறொபேட் சிற்றீவன்சன் அமைத்த இரும்புப் பாலம் புகையிரதம் செல்லும்போது உடைந்து ஐவர் மாண்டனர். அதே சிற்றீவன்சன் பின்னர் நிறுவகத்தின் தலைவரானார். பெரு வேலைகளில் நேர்ந்த விபத்துக்களையும் அவற்றைச் சீர்செய்த முறைகளையும் பற்றிய பதிவுகளைப் போல இளைய அங்கத்தவருக்கு அறிவூட்டுவது வேறில்லை என்று 1856 இல் அவர் வலியுறுத்தினார். தவறுகளை மறைத்தல் ஒரு தனிமனிதனின் பெயரைக் காக்கலாம். அவற்றை வெளியிடுதல் பல உயிர்களைக் காக்கும். பொறியியலாளர் கழகம் ஒன்று தன் அங்கத்தவருக்கும் மக்களுக்கும் ஆற்றக்கூடிய பணிகளுள் இதனினும் பெரியது யாது?

நூற்றாண்டின் பிற்பகுதியிற் கழகத்தின் கவர்ச்சி வேறு வடிவங்களையும் பெற்றது. 1864 இல் நலிவுற்ற அங்கத்தவருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உதவ நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. 1867 இல் மாணவருக்கெனத் தனிவகுப்பு ஏற்பட்டது. 1897 இல் இணை அங்கத்துவத்துக்குப் பரீட்சை புகுத்தப்பட்டது. இவற்றோடு, பெயருக்குப் பின்னாற் பொறிக்கப்படும் எழுத்துக்களே தகைமையின் சான்றாயின. இதனால் தகுதியற்றோர் பொறுப்பான வேலைகளை ஏற்பது குறைந்தது. ஆயினும், கொடுப்பதற்காகச் சேர்ந்த கழகத்திற் பெறுவதற்காகச் சேரும் மனப்பான்மையும் இதனோடு வளர்ந்திருக்கலாம் என்பதை மறுத்தல் அரிது.

வாயில் எல்லோருக்கும் திறந்திருந்ததுமில்லை. 1847 இல் பேமிங்காமில் இயந்திரப் பொறியியலாளர் தமக்கெனத் தனி நிறுவகம் அமைத்தனர். 1871 இல் தந்தித்துறையினர் அவ்வாறே செய்தனர். கைத்தொழிலாளர் 1851 இல் அமைத்த ஒன்றிணைந்த பொறியியலாளர் சங்கம், நோயுற்ற காலத்திலும் வேலையற்ற காலத்திலும் உதவிப்பணம் வழங்கித் தன் அங்கத்தவரை ஈர்த்தது. பாமர் கூறிய இடைநிலையாளன் அறிஞன் பக்கமே மிகுதியாகச் சாய்ந்துவிட்டான் என்பதற்கு இப்பிரிவு ஒரு சான்றாகும். பெண்ணொருவர் முதன்முதலாக அங்கத்துவம் பெற 1927 வரை, அதாவது 109 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் டொரத்தி புக்கானன்.

இம்மரபு குடியேற்ற ஆட்சியோடு ஈழத்துக்கும் வந்தது. 1906 இல் இலங்கைப் பொறியியற் சங்கம் தோன்றியது. அரச சேவையின் உயர்பதவிகளில் ஆங்கிலேயர் மேலோங்கியிருந்த அக்காலத்தில், 1918 இல், டி. சே. விமலசுரேந்திர இந்நாட்டின் நீர்வலுவை மின்னாக்குவதன் பொருளாதாரம் பற்றி அச்சங்கத்தின்முன் ஒரு கட்டுரை படித்தார். அத்திட்டம் உடனே நிறைவேறவில்லை. தடைகளும் தாமதங்களும் பல கண்டு, 1950 இலேயே இலக்சபான நிலையம் மின் வழங்கத் தொடங்கியது. 32 ஆண்டுகள் கழிந்தன. அரசாங்கங்களும் ஆட்சிமுறையும் மாறின. சங்கத்தின்முன் வைக்கப்பட்ட கருத்தோ அழிந்துவிடவில்லை. அச்சங்கமே 1956 இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமாக உருமாறி, 1968 இல் பாராளுமன்றச் சட்டத்தினாற் கூட்டிணைக்கப்பட்டது.

கட்டடமும் பட்டயமும் பட்ட எழுத்துக்களும் ஒரு தொழிற்கழகத்துக்கு மதிப்பைத் தரலாம். ஆனால் கெண்டல் கோப்பிச்சாலையிற் கூடியோரிடம் இவற்றுள் எதுவும் இருக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொல்லவும் தெரியாததைக் கேட்கவும் ஒரு மேசையே அவர்களுக்கு வேண்டியிருந்தது. விமலசுரேந்திரவுக்குக் கொழும்பிலே கிடைத்ததும் அத்தகைய மேசையொன்றே. இளைஞன் ஒருவன் எழுந்து தன் கருத்தைக் கூறவும், மூத்தவர் ஒருவர் தம் தவறை எடுத்துரைக்கவும் இடமளிக்கும்வரை ஒரு கழகம் அங்கத்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவ்விடம் அற்றுப்போகுமாயின், அதன் பெயர்ப்பட்டியல் எவ்வளவு நீண்டிருப்பினும் பயனில்லை.