பிரீட்ரிக்ஸ்ராசே: சுவருக்குள் இருந்த வாசல்

எண்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போன உறவினரிடம் எந்த வழியால் போனீர்கள் என்று கேட்டால், 'ஈஸ்ட் பேர்லினால' என்ற பதில் அடிக்கடி வரும். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு விமான நிலையமும் ஒரு புகையிரதப் பாதையும் ஒரு மாறுதல் நிலையமும் இருக்கின்றன. அந்த நிலையத்தின் பெயர் பிரீட்ரிக்ஸ்ராசே. பேர்லின் நகரின் நடுவே, ஸ்பிரே ஆற்றங்கரையில் அது இன்றும் இயங்குகிறது.

நிலையம் உருவான விதம்

பேர்லினைக் கிழக்கு மேற்காக ஊடறுக்கும் உயர்மட்டப் புகையிரதப் பாதை 1882இல் திறக்கப்பட்டபோது இந்நிலையமும் திறக்கப்பட்டது. 1923இல் அதன் அருகே நிலக்கீழ் யு-பான் பாதை வந்தது. 1936இல் வடக்கு தெற்காக ஓடும் எஸ்-பான் எனப்படும் நகரப் புகையிரதத்தின் சுரங்கப் பாதையும் சேர்ந்தது. இவ்வாறு மேலே ஒரு பாதை, கீழே இரண்டு பாதைகள் என்று, நகரின் எந்தத் திசைக்கும் இங்கிருந்து மாறிச் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது.

1961 ஆகஸ்ட் 13ஆம் திகதி கிழக்கு ஜேர்மனி எல்லையை மூடியது. நிலையம் முழுவதும் கிழக்கு பேர்லின் நிலப்பரப்பிலேயே இருந்தது. ஆனால் கீழே ஓடிய இரு பாதைகளும் மேற்கு பேர்லினில் தொடங்கி, கிழக்கின் அடியால் சென்று, மீண்டும் மேற்கில் முடிபவை. அவை கிழக்கின் ஏனைய நிலையங்களில் நிற்காமல் ஓடின. பிரீட்ரிக்ஸ்ராசேயில் மட்டும் நின்றன. மேல்மட்டத்தில் மேற்கிலிருந்து வந்த எஸ்-பானும் கிழக்கிலிருந்து வந்த எஸ்-பானும் அடுத்தடுத்த மேடைகளில் முடிவுற்றன. இரண்டு மேடைகளுக்கும் நடுவே உலோகச் சுவர் எழுப்பப்பட்டது. ஒரு மேடையிலிருந்து மற்றதற்குப் போக, கீழே இறங்கிச் சோதனைக் கூடங்களைக் கடக்க வேண்டும்.

மேற்கே செல்வோருக்காக 1962இல் நிலையத்தின் பக்கத்தில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட தனி மண்டபம் கட்டப்பட்டது. உறவுகளை வழியனுப்பியோர் அழுது பிரிந்த இடம் என்பதால் மக்கள் அதைக் 'கண்ணீர் மாளிகை' என்றார்கள். உள்ளே ஒடுங்கிய கடவுச்சீட்டுக் கூண்டுகள் இருந்தன. எல்லைப் படைச் சீருடையில் இருந்து பத்திரம் பார்த்தவர்கள் உண்மையில் ஸ்ராசி எனப்பட்ட அரச பாதுகாப்பு அமைச்சின் ஆட்கள்.

எம்மவர் வந்த வழி

1980இல் மேற்கு ஜேர்மனி இலங்கையர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. ஃபிராங்பேர்ட் போன்ற விமான நிலையங்களில் விசா இன்றி இறங்குவது அத்தோடு கடினமாயிற்று. மூன்று ஆண்டுகளில் கறுப்பு ஜூலை வந்தது. வெளியேற வேண்டியவர்களின் தொகை பெருகிய அதே காலத்தில் நேர்வழி அடைபட்டிருந்தது.

திறந்திருந்தது கிழக்கு வழி. சோவியத் விமான நிறுவனமான ஏரோபுளொட்டில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷொனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கலாம். கிழக்கு ஜேர்மனி ட்ரான்சிட் விசா கொடுத்தது. ஷொனபெல்டிலிருந்து நகருக்குள் எஸ்-பான் ஓடியது. பிரீட்ரிக்ஸ்ராசேயில் இறங்கி, கிழக்கு அதிகாரிகளின் சோதனையைக் கடந்து, மேற்கு மேடைக்கு ஏறினால் அடுத்த நிலையம் மேற்கு பேர்லின். வேறு கடவைகள் வழியாக மேற்கே போனவர்களும் உண்டு. ஆனால் விமானத்தால் இறங்கிய ஒருவர் புகையிரதத்திலேயே மறுபக்கம் சேரக்கூடிய வழி இதுவாக இருந்தது.

மேற்குப் பக்கத்தில் ஏன் எவரும் மறிக்கவில்லை? விடை சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேர்லின் முழுவதும் நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் இருந்தது. நகரத்தைப் பிரித்த கோட்டை அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் சர்வதேச எல்லையாக ஏற்கவில்லை. அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைத்தால் அதை எல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கிழக்கு ஜேர்மனி வெளியே விட்டவரை மேற்கு பேர்லின் வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. உள்ளே வந்தவருக்கு, அரசியல் காரணங்களால் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டு என்ற மேற்கு ஜேர்மன் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை இருந்தது. 'அசூல் அடிப்பது' என்று எம்மவர் சொன்னது அந்த உரிமையைக் கோருவதைத்தான்.

புகலிடம் கோரியவர்களை மேற்கு ஜேர்மனி தன் மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியது. பலர் அங்கிருந்து பிரான்சுக்கும் சுவிசுக்கும் அப்பாலும் போனார்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர்களும் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்களே.

வாசல் மூடிய கதை

கிழக்கு ஜேர்மனி இரக்கத்தால் வழிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. விமானப் பயணிகளால் அதற்கு வெளிநாட்டுப் பணம் வந்தது. சுவர் என்பது சர்வதேச எல்லை என்று மேற்கை ஒப்புக்கொள்ள வைக்கும் அழுத்தமாகவும் அகதிகளின் வரவு பயன்பட்டது. மேற்கு ஜேர்மனியோ எல்லையில் சோதனை வைக்காமலே வரவை நிறுத்த வழி தேடியது.

1985 ஜூலையில் முதல் இணக்கம் வந்தது. போகவேண்டிய நாட்டின் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களை இனி ட்ரான்சிட்டில் விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஏற்றது. அதே மாதத்தில், மேற்கு ஜேர்மனி அதற்கு வழங்கிவந்த வட்டியில்லாக் கடன் வசதியின் உச்ச அளவு 850 மில்லியன் கணக்கு அலகுகளாக உயர்த்தப்பட்டது. 1986 செப்டெம்பரில் இரண்டாம் அறிவிப்பு வந்தது. ஒக்டோபர் 1 முதல், எந்த நாட்டவரானாலும் சேருமிட விசா இன்றி ட்ரான்சிட் இல்லை. மேற்கு ஜேர்மனியில் எல்லா நாட்டவரும் சேர்த்து 1986இல் 99,650 பேர் புகலிடம் கோரினார்கள். 1987இல் அத்தொகை 57,379 ஆகக் குறைந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் இலங்கையில் போர் குறையவில்லை, கூடியது. ஏஜென்சிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த ஒருவர் 1985 ஜூனில் வந்தாரா, ஆகஸ்டில் வந்தாரா என்பதே அவர் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கக்கூடும். அவருக்கு நேர்ந்த துன்பத்தின் அளவு அங்கே கணக்கில் வரவில்லை. எல்லை எது என்பதில் இரு அரசுகள் முரண்பட்டிருந்தவரை வாசல் திறந்திருந்தது. அவை தமக்குள் இணங்கியபோது மூடியது.

இன்றைய நிலையம்

1989 நவம்பர் 9இல் சுவர் திறந்தது. 1990 ஜூலையில் எல்லைச் சோதனைகள் நின்று, எஸ்-பான் மீண்டும் கிழக்கிலிருந்து மேற்குவரை தடையின்றி ஓடத் தொடங்கியது. மேடைகளுக்கு நடுவே இருந்த உலோகச் சுவர் இன்று இல்லை.

பழைய ஷொனபெல்ட்டை ஒட்டி 2020 ஒக்டோபர் 31இல் பேர்லினின் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து எஸ்9 எஸ்-பானில் ஏறினால் மாறாமலே பிரீட்ரிக்ஸ்ராசேக்கு வரலாம். விமான நிலையம் 'சி' வலயத்தில் இருப்பதால் ஏபிசி மூன்று வலயங்களுக்குமான பயணச்சீட்டு வேண்டும்; நகருக்கு மட்டுமான ஏபி சீட்டு செல்லாது.

கண்ணீர் மாளிகை 2011 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது; அனுமதி இலவசம். பழைய கடவுச்சீட்டுக் கூண்டை அங்கே பார்க்கலாம். நிலையத்துக்கு வெளியே, 1938-39இல் நாசிகளிடமிருந்து தப்பிப் புகையிரதத்தில் பிரித்தானியாவுக்குப் போன யூதச் சிறுவர்களுக்கும், மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களுக்கும் நினைவாக ஒரு வெண்கலச் சிற்பம் 2008 முதல் நிற்கிறது. அதைச் செய்த ஃபிராங்க் மைஸ்லரும் சிறுவனாக அவ்வாறு தப்பியவர்களில் ஒருவர்.

ஈஸ்ட் பேர்லினால் வந்த எம்மவரில் இளையவர்களுக்கும் இப்போது அறுபதை அண்டிய வயது. வந்த மாதம், ஏறிய விமானம், கையிலிருந்த பத்திரம், கூண்டுக்குள் கேட்ட கேள்வி ஆகியவை பெரும்பாலும் அவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கேட்டு எழுதி வைப்பது நல்லது. பழைய கடவுச்சீட்டில் கிழக்கு ஜேர்மனியின் முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து வைக்க வேண்டும். அந்த முத்திரையில் ஒரு திகதி இருக்கும். வாசல் திறந்திருந்த காலத்துக்கு அது சாட்சி.