கிர்பான் வழக்கும் ஆயுதம் என்ற சொல்லும்

சத்திரசிகிச்சை என்ற சொல்லை அன்றாடம் வழங்கும் இலங்கைத் தமிழரிற் பலர், அதிலுள்ள 'சத்திரம்' போர்க்கருவியைக் குறிக்கும் 'சஸ்திரம்' என்ற வடசொல்லே என்பதை நினைப்பதில்லை. சுசுருத சம்ஹிதையும் அறுவைக்குரிய கூரிய கருவிகள் 20ஐயும் அச்சொல்லாலேயே குறிக்கின்றது. நவராத்திரியில் தச்சரின் உளியும் தையற்காரரின் கத்தரிக்கோலும் 'ஆயுதம்' என்ற பெயரிலேயே பூசை பெறுகின்றன. கருவி வேறு, ஆயுதம் வேறு என்று நமது வழக்கு கோடு கிழிக்கவில்லை.

அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்ற வினா மொன்றியால் தீவில் 2001 நவம்பரில் எழுந்தது. லசால் பகுதிப் பாடசாலையொன்றின் முற்றத்தில், சீக்கிய மாணவன் ஒருவன் ஆடைக்குள் அணிந்திருந்த கிர்பான் தவறிக் கீழே விழுந்தது. கிர்பான் என்பது ஞானஸ்நானம் போன்ற அம்ரித் சடங்கை ஏற்ற சீக்கியர் எந்நேரமும் தரிக்கவேண்டிய உலோகக் குறுவாள். அதை ஆடைக்குள் பத்திரமாக மூடி அணியலாமென மார்கரித்-பூர்ஷுவா பாடசாலைச் சபை முதலில் இணங்கியது. புவாண்ட்-கிளேரின் பிரெஞ்சுப் பாடசாலைகளும் இச்சபையின் நிருவாகத்திலேயே இருந்தன. ஆனால் ஆயுதம் கொண்டுவரலாகாது என்ற விதியைக் காட்டிப் பாடசாலையின் ஆளும் குழு மறுத்தது. பின்னர் சபையின் ஆணையாளர்களும் அம்மறுப்பை ஆதரித்து, கழுத்துப் பதக்கமாகவோ, தீங்கு செய்யாத வேறு பொருளாலோ ஆன கிர்பானை அணியலாமென்றனர். தாலிக்குப் பதிலாகத் தாலியின் படத்தை அணியச் சொன்னால் நம் பெண்கள் என்ன சொல்வார்களோ!

2002இல் கியூபெக் மேல்நிலை நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதித்தது: மரவுறையில் இடவேண்டும், உறையைத் தடித்த துணியில் வைத்துத் தைத்து, தோள்வாரோடு சேர்த்துத் தைக்கவேண்டும், அது ஆடைக்குள்ளேயே இருக்கவேண்டும். 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. இறுதியில் 2006 மார்ச் 2இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மாணவனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கனடியப் பாடசாலைகளில் சீக்கியர் கற்றுவந்த 100 ஆண்டுகளில் கிர்பானால் ஒரு வன்செயலும் பதிவாகவில்லை என்றும், கத்தரிக்கோலும் பென்சிலும் பேஸ்போல் மட்டையும் அதைவிட எளிதாக மாணவர் கைக்கு எட்டுவன என்றும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர்.

இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை கிர்பான் தரிப்பதை மதவழிபாட்டின் பகுதியாகவே ஏற்கின்றது. கனடாவின் குற்றவியற் சட்டமோ பொருளின் பெயரை நோக்காமல், அது எதற்காக ஆக்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, என்ன நோக்கத்தோடு வைத்திருக்கப்பட்டது என்றே கேட்கின்றது. நமது ஆயுதபூசையின் நோக்குக்கு இது தொலைவானதன்று. பாடசாலைக் குழு பொருளைப் பார்த்தது; நீதிமன்றமோ அணிந்தவனையும் அணியும் விதத்தையும் பார்த்தது. அதுவே சரியான வழி.

எனினும் வழக்கு முடிந்தபின்னும் பிணக்கு ஓயவில்லை. 2011 ஜனவரியில் கியூபெக் தேசிய சட்டமன்றத்துக்கு வந்த சீக்கியர் நால்வர் கிர்பானோடு உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதம் அந்தத் தடையைச் சட்டமன்றம் ஏகமனதாக ஆதரித்தது. தனது வளாகத்தினுள் யாரை விடுவதென்பது சட்டமன்றத்தின் சிறப்புரிமை எனக் கூறி, 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடையை நிலைக்கவிட்டது.